இடது மரை

முன்சக்கரத்தின் நட்டைக் கழற்றப் போனேன். நட்டோடு சேர்ந்து போல்ட்டும் முறிந்து கையில் வந்துவிட்டது. கார் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் சனிக்கிழமை அது. ஸ்பேனரின் பிடியில் நான்கடி இரும்புக் குழாயைச் செருகி, உடம்பின் முழு எடையையும் அதன் மேல் போட்டிருந்தேன். ஐம்பது வருடத் துரு, லேசில் விடுமா என்ற நினைப்பு. இரண்டாவது நட்டும் அதே கதிதான். மூன்றாவதில் குழாயைச் செருகும்போது, பக்கத்து வீட்டுப் பெரியவர் புல்வெளியைத் தாண்டி வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. குனிந்து, முறியாமல் மிச்சமிருந்த ஒரு போல்ட்டின் நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தார். அழுக்கு விலகி ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது.

“இந்தப் பக்கம் முழுக்க இடது மரை. நீ இவ்வளவு நேரமும் இறுக்கிக்கொண்டிருந்தாய்” என்றார்.

சக்கரம் சுழலும் திசையில் நட்டு தானாகத் தளர்ந்துவிடக்கூடும் என்ற பயத்தில், கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களின் இடதுபக்கச் சக்கரங்களுக்கு மட்டும் தலைகீழ் மரை வைத்திருந்தது. 1970 மாடல் வரைக்கும் இந்தப் பழக்கம். 1971-இல் விட்டுவிட்டார்கள். என் கார் அந்தக் கம்பெனியின் பிளிமத் பிரிவு விட்ட டஸ்டர், 1970 மாடல். ஒரே ஒரு வருடம் பிந்திய மாடலை வாங்கியிருந்தால் இரண்டு போல்ட் மிஞ்சியிருக்கும். நம் ஊரில் ஒருவனை ‘மரை கழன்ற கேஸ்’ என்று சொல்வோம் இல்லையா, அன்றைக்கு எனக்கு அந்தப் பட்டம் பொருத்தமாக இருந்திருக்கும். ஒரு திருத்தம்: மரை கழலவே இல்லை.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நான் டெட்ராய்ட்டை ஒட்டிய ஒரு புறநகரில் இருந்துகொண்டு, பதினான்கு வருடமாகக் கார்த் தொழிலில் சம்பளம் வாங்குகிறவன். விபத்தில் இருக்கையின் சட்டம் எப்படி மடங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. திரையில் நூற்றுக்கணக்கான கார்களை மோதி நொறுக்கியிருக்கிறேன். அதுவரை சொந்தக் கையால் ஒரு காருக்கு ஆயில் மாற்றியதில்லை. நான் வளர்ந்த சேலத்தில் கார் வைத்திருப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு, பிரித்துப் போடுபவர் வேறு. மூன்றாமவரின் கையைப் பார்த்தால் தெரியும், நகத்தடியில் கறுப்பு போகவே போகாது. அந்தக் கை எனக்கு வர வேண்டும் என்று ஒரு ஆசை. நாற்பது வயதில் வந்த ஆசை என்பதால் செலவு அதிகம்.

பிரித்துப் புதுப்பிக்க எந்தப் பழைய காரை எடுப்பது என்பதில்தான் எல்லோரும் முதலில் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கப் பார்த்தேன்.

என் கண் மஸில் கார் மேல். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஏதோ பந்தயத்துக்கென்றே செய்த வண்டி என்று தோன்றும். உண்மையில் அது ஒரு குறுக்கு வழி. அலுவலகம் போய்வரும் நடுத்தரக் காரை எடுத்து, அதற்குள் பெரிய காரின் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைத் திணித்து, இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்பது. 1964-இல் ஜெனரல் மோட்டார்ஸின் பாண்டியாக் பிரிவு இதைச் செய்தது. நடுத்தர அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. பாண்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பஸ்ட் காரில் வைத்து, புது மாடலாகக் காட்டாமல் ‘கூடுதல் வசதி’ என்று விலைப்பட்டியலில் சொருகிவிட்டார்கள். ஜி.டி.ஓ. என்று பெயர். ஐயாயிரம் விற்றால் பெரிது என்று நினைத்தார்கள். முதல் வருடமே 32,000-க்கு மேல் போயிற்று. விதி போட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்புறம் எல்லாக் கம்பெனியும் அதே வழியில் இறங்கியது. 1970-இல் உச்சம். அதோடு சரிவும். இளைஞர்களின் இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, காற்று மாசுச் சட்டம் வந்தது, ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக எஞ்சினின் அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள், 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஒன்பது பத்து வருடக் கூத்து, அவ்வளவுதான்.

இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கும் ஜி.டி.ஓ., செவெல், ரோட் ரன்னர் எதுவும் என் பட்ஜெட்டுக்குள் இல்லை. எனக்கு எட்டியது பிளிமத் டஸ்டர். வேலியன்ட் என்ற சாதுவான குடும்பக் காரின் பின்பாதியை மட்டும் சரிவாக மாற்றி 1970-இல் விட்டார்கள். முன்பாதி, டேஷ்போர்டு, சேஸிஸ் எல்லாம் வேலியன்ட்தான். ஆரம்ப விலை 2,172 டாலர். அதிலேயே 340 கன அங்குல எஞ்சினும் முன்பக்க டிஸ்க் பிரேக்கும் கொண்ட டஸ்டர் 340, 2,547 டாலர். ஏழையின் மஸில் கார். அந்த முதல் வருடத்தில் சாதாரண டஸ்டர் 1,90,000-க்கு மேல் விற்றது. 340 சுமார் 25,000.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு கார் சாதாரணம் என்றால், ஒன்று 340. ஆனால் விற்பனைக்கு வருகிறவற்றைப் பார்த்தால் ஊரில் இருந்ததெல்லாம் 340தானோ என்று தோன்றும்.

2019 நவம்பரில் ஒஹையோ எல்லைக்கு அந்தப் பக்கம் ஒருவர் 16,000 டாலருக்கு ஒரு டஸ்டர் 340 விற்பதாகப் போட்டிருந்தார். போனேன். ஊதா நிறம். பிளிமத் அதற்கு வைத்த பெயர் ‘இன் வயலட்’. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை, அதன் முடிவில் 340. பார்த்ததும் கை பர்ஸை நோக்கிப் போனது. நல்லவேளை, மூன்று மாதமாக இரவெல்லாம் உட்கார்ந்து படித்தது ஒரே ஒரு இடத்தில் உதவியது. 1968-இலிருந்து இந்தக் கார்களின் அடையாள எண் டேஷ்போர்டின் இடது மூலையில், கண்ணாடி வழியாகவே படிக்கும்படி இருக்கும். டஸ்டர் 340 என்றால் அது வி.எஸ். 29 எச் என்று தொடங்க வேண்டும். கையால் பனியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வி.எல். 29 ஜி.

‘எல்’ என்றால் மலிவு வகை. ‘ஜி’ என்றால் 318 கன அங்குல எஞ்சின்.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குனிந்து பார்த்தால் முன்பக்கம் டிரம் பிரேக். பானெட்டைத் திறந்து, எஞ்சின் பிளாக்கின் இடதுபக்கம் டார்ச் அடித்துக் கிரீஸைச் சுரண்டினால், வார்ப்பிலேயே 318 என்று நிற்கிறது. வெளியிலிருந்து இரண்டு எஞ்சினும் அண்ணன் தம்பி மாதிரி. பிஸ்டன் நகரும் தூரம்கூட ஒன்றே, 3.31 அங்குலம். சிலிண்டரின் விட்டம்தான் வேறு. அதனால் ஒரு ஸ்டிக்கரும் ஒரு டப்பா பெயின்ட்டும் இருந்தால் தம்பியை அண்ணனாக்கிவிடலாம்.

விற்பவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்றார். இருக்கலாம். பொய் கைமாறிக் கைமாறி வரும்போது யார் முதலில் சொன்னார் என்பது யாருக்கும் தெரியாது. 6,500-க்குப் பேசி முடித்தேன். பொய்யைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த தள்ளுபடி 9,500 டாலர். என் வாழ்க்கையில் படிப்புக்கு இவ்வளவு உடனடியாகப் பலன் கிடைத்ததில்லை.

டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். “ஏங்க, இது காயலான் கடைக்குப் போற வழியில நம்ம வீட்டுக்கு வந்திருக்கா?” என்றாள். பதில் சொல்லவில்லை.

பிரித்துப் போடுவதில் ஒரு போதை இருக்கிறது. இரண்டு வார இறுதிகளில் உள்ளலங்காரம் முழுக்க வெளியே. அங்கேதான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஆபத்தும். ஒரு போல்ட்டைக் கழற்றும்போது, இது எங்கிருந்து வந்தது என்பது நன்றாக நினைவிருக்கும் என்று மனசு சத்தியம் செய்யும். அந்தச் சத்தியத்துக்கு ஆயுள் ஒரு வாரம். இதற்கு என் மகள் பொறுப்பேற்றாள். அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாமல் டபாய்த்துக்கொண்டிருந்த காலம். ஜிப் போட்ட பிளாஸ்டிக் பைகளில் திருகாணிகளைப் போட்டு மேலே தமிழில் எழுத வேண்டும் என்று ஒப்பந்தம். ‘இடது கதவு’, ‘வலது கதவு’, ‘பின் கண்ணாடி’. கீல் என்பதை ‘கீழ்’ என்று எழுதியிருந்தாள், அதனால் ஒரு கதவு ஒரு மாதம் தாமதமானது. நான் எங்கே கழற்றினேன் என்று எனக்கே சொல்லத் தெரியாதவற்றை என்ன செய்வது என்று கேட்டாள். தெரியாது என்றேன். அதையே எழுதிவிட்டாள். கடைசியில் ‘தெரியாது’ என்று பதினோரு பைகள் சேர்ந்தன.

பின் இருக்கையைத் தூக்கியபோது ஸ்பிரிங்குகளுக்கு இடையில் மஞ்சளாக ஏதோ காகிதம். எலி ஒரு மூலையைத் தின்றிருந்தது. பிரித்தால் கட்டம் கட்டமாக எண்ணும் எழுத்தும். தொழிற்சாலையில் இந்த காருக்கு என்னென்ன பூட்ட வேண்டும் என்று வரிசையில் நிற்கும் தொழிலாளர்களுக்குச் சொல்லும் சீட்டு அது. வேலை முடிந்ததும் அதை யாராவது இருக்கைக்குள்ளோ பெட்ரோல் டேங்க்கின் மேலோ சொருகிவிடுவார்கள். பத்திரப்படுத்துகிற எண்ணமெல்லாம் கிடையாது, குப்பைத்தொட்டி தூரம். இன்று பழைய கிரைஸ்லர் கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் குப்பைதான் ஜாதகம். என் கார் பிறந்தபோது அதன் நிறம் ஊதா இல்லை, ஐவி க்ரீன் என்ற அடர்பச்சை. எஞ்சின் 318. ரேடியோ ஏ.எம். மட்டும்.

அடையாள எண்ணில் இன்னொரு எழுத்து உண்டு, தொழிற்சாலைக்கானது. என் காருக்கு ‘பி’, அதாவது ஹாம்ட்ராம்க். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம். டாட்ஜ் மெயின் என்று பெயர் பெற்ற எட்டு மாடித் தொழிற்சாலை, 1910-இல் எழும்பத் தொடங்கியது. 1968 மே மாதம் அங்கே வரிசையின் வேகத்தைக் கூட்டியதை எதிர்த்து, சங்கத்தின் அனுமதி இல்லாமலேயே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. தண்டனை பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள் மேல் விழ, அதிலிருந்து டாட்ஜ் ரெவல்யூஷனரி யூனியன் மூவ்மென்ட் என்ற அமைப்பு பிறந்தது. 1980 ஜனவரியில் ஆலையை மூடி, மறு வருடம் இடித்தார்கள். அந்த இடத்தையும் அதைச் சுற்றியிருந்த போல்டவுன் குடியிருப்பையும் சேர்த்து எடுத்து ஜி.எம். ஒரு ஆலை கட்டியது. இப்போது அதில் மின்சாரக் கார்கள் தயாராகின்றன. நான் அலுவலக வேலையாக அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். என் கார் அங்கேதான் பிறந்தது என்பது அந்த எலி தின்ற காகிதம் கைக்கு வரும் வரை உறைக்கவில்லை.

தரையில் ஒட்டியிருந்த தார்ப் பூச்சைச் சுரண்டும்போது அந்த மனிதர்களைப் பார்த்தேன் என்றே சொல்லலாம். எஞ்சின் அறைச் சுவரில் மஞ்சள் கிரேயானில் யாரோ அவசரமாக எழுதிய ஒரு எண். டிக்கியின் உள்ளே பெயின்ட் வழிந்து உறைந்த ஒரு சொட்டு. ஒரு இடத்தில் வெல்டிங் புள்ளி விளிம்பைத் தவறவிட்டுக் காற்றில் விழுந்திருந்தது. கார்க் கண்காட்சிகளில் பளபளக்கும் டஸ்டர்களுக்கு அடியில் போய்ப் பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஹாம்ட்ராம்க்கிலிருந்து அப்படி ஒரு கார் என்றைக்கும் வெளியே வந்திருக்காது. நொடிக்கணக்கில் ஓடும் வரிசையில் நின்று செய்த பொருள் இது. அந்த வழிந்த சொட்டை நான் தேய்க்கவில்லை. கிரேயான் எண்ணைப் படம் எடுத்துவைத்து, பெயின்ட் அடித்த பிறகு அதே இடத்தில் மகளை விட்டு எழுதச் சொன்னேன். இதைப் பித்துக்குளித்தனம் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

தரை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படங்களில் யாரும் அதைக் காட்டுவதில்லை. டெட்ராய்ட் நகரத்துக்கு ஆயிரம் அடிக்கும் கீழே ஒரு உப்புச் சுரங்கம் இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக வெட்டுகிறார்கள். பனிக்காலத்தில் அந்த உப்பைத்தான் சாலையில் கொட்டுகிறோம். மேலே கார் செய்கிற ஊர், கீழே காரைத் தின்கிற உப்பு. டஸ்டரில் இன்னொரு வழியும் உண்டு. முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வருவதற்கான இடுக்கில் இலைச் சருகு சேர்ந்து, ஈரம் தங்கி, அந்தத் தகடு ஓட்டையாகி, மழைத்தண்ணீர் நேராக ஓட்டுநரின் காலடியில் இறங்கும். கார்ப்பெட்டைத் தூக்கினால் எனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவர் ஓட்டையின் மேல் ஒரு தகரத்தை ரிவெட் அடித்து, அதன் மேல் பட்டி பூசி, அதன் மேல் தார் தடவியிருந்தார். பெயர்த்தால் அடியில் இன்னொரு ஒட்டு. அதற்கும் அடியில் ஒரு விளம்பரப் பலகையின் துண்டு. கொக்கி போட்டு இழுத்துக் கடைசி ஒட்டும் வந்தபோது, என் கராஜின் சிமென்ட் தரை தெரிந்தது.

இந்த காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. உடலே சட்டம். தரையை வெட்டினால் முதுகெலும்பை வெட்டின மாதிரி. கதவு பொருந்தும் இடைவெளி கால் அங்குலம் மாறினாலும் அப்புறம் ஜென்மத்துக்கும் மூடாது. அதனால் முதலில் கதவுச் சட்டங்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து நிறுத்திவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இதைப் பெரியவர் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு பெற்ற டை மேக்கர். தகடு அடிக்கும் அச்சுகளைச் செதுக்குவதில் நாற்பது வருடம் போட்டவர். 2020 வசந்தத்தில் ஊரே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது, அவர் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முப்பதடி தள்ளி என் கராஜிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டே திருத்துவார். மிக் வெல்டர் சரியாக ஓடினால் எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சீரான சத்தம் வரும். என்னுடையது மூன்று வாரத்துக்கு மாவைக் கரண்டியால் வீசுகிற மாதிரி இருந்தது. “வேகமாகப் போகிறாய்!” என்று கத்துவார். தகட்டில் நீளமாகக் கோடு இழுத்தால் சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும். ஒரு புள்ளி வைத்து, அரையடி தள்ளி இன்னொன்று, ஆறவிட்டுத் திரும்ப முதல் இடம். இரண்டு தரைத் தகடுகளுக்கு எனக்கு ஆன காலம் ஐந்து மாதம். வேலை தெரிந்த டிங்கர் ஒருவர் ஒரு வாரத்தில் முடித்திருப்பார்.

வயரிங்கைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கிரைஸ்லர்களில் மொத்த மின்சாரமும் டேஷ்போர்டில் இருக்கும் ஆம்ப் மீட்டர் வழியாகப் போய்வரும். எஞ்சின் அறைச் சுவரில் உள்ள இணைப்புப் பெட்டிக்குள் அந்தத் தடித்த வயரின் முனை சூடாகி உருகும். என்னுடையதைப் பிடுங்கியபோது பிளாஸ்டிக் வெல்லப் பாகு மாதிரி இருந்தது. புது வயரிங் வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

குரோம் பூச்சுக்கு பம்பர்களைக் கொடுத்த கடையில் ஆறு வாரம் என்றார்கள், எட்டு மாதம் ஆயிற்று. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

எஞ்சினுக்கு வருகிறேன். சிலிண்டர்களை லேத்துக்காரர் அங்குலத்தில் ஆயிரத்தில் 30 பங்கு கூடுதலாகக் குடைந்து கொடுத்தார். மற்றதை நானே பூட்டினேன். முதல்முறை கிளப்புவதில் இந்தப் பழைய எஞ்சின்களுக்கு ஒரு சாங்கியம் உண்டு. வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் கேம் ஷாஃப்ட்டின் மேல் தட்டையான அடி கொண்ட லிஃப்டர்கள் உரசிக்கொண்டே ஏறி இறங்கும். புது ஷாஃப்ட் என்றால், கிளம்பிய நொடியிலிருந்து இருபது நிமிடம் 2,000 சுழற்சிக்குக் குறையாமல் ஓட வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று பழகும். கிளம்பாமல் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் பூசிவைத்த பசை வழிந்து, உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். அந்த உரசலிலிருந்து காக்கிற துத்தநாகச் சேர்மத்தை, புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு ஆகாது என்று இக்கால ஆயில்களில் குறைத்துவிட்டார்கள். அதனால் அதற்கென்று தனி ஆயில். ஆக, முதல் திருகிலேயே கிளம்ப வேண்டும்.

டிரில்லால் ஆயில் பம்ப்பைச் சுற்றி, எல்லா இடத்துக்கும் ஆயில் ஏறியதைப் பார்த்தேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறை வைத்துப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கினேன். பிளக் வயர்களை 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் மூன்று தடவை சரிபார்த்தேன். மனைவி தீயணைப்பானோடு வாசலில். மகள் கைப்பேசியோடு. சாவியைத் திருகினேன்.

கார்புரேட்டரின் வாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் தீ எழும்பியது. வெடிச் சத்தத்தில் தெருநாய் இல்லாத எங்கள் தெருவிலும் எங்கிருந்தோ ஒரு நாய் குரைத்தது. மறுபடி திருகினேன். மறுபடி தீ. மூன்றாவது தடவை திருகக் கை போனபோது பெரியவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டார்.

முதல் பிளக்கைக் கழற்றச் சொன்னார். அந்தத் துளையில் விரலை வைத்து அடைக்கச் சொல்லி, கிராங்க்கை ஸ்பேனரால் மெதுவாகச் சுற்றினார். ஒரு சுற்றில் பிஸ்டன் மேலே வந்தது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு சுற்று. இப்போது காற்று விரலைத் தள்ளிக்கொண்டு புஸ்ஸென்று வெளியே வந்தது. “இதுதான் மேல். நீ வைத்தது பொய் மேல்” என்றார். நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். ஒன்று கலவையை அழுத்தும்போது, மற்றொன்று புகையை வெளியே தள்ளும்போது. உச்சியைக் காட்ட எஞ்சினில் இருக்கும் குறிகள் இரண்டிலும் அச்சு அசலாக ஒன்றாகவே இருக்கும். நான் இரண்டாவதில் வைத்து டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டியிருக்கிறேன். தீப்பொறி சரியாக ஒரு முழுச் சுற்று தப்பி, வால்வு திறந்திருக்கும்போது விழுந்திருக்கிறது. தூக்கி, அரை வட்டம் திருப்பி, மறுபடி இறக்க நாலு நிமிடம்.

அடுத்த திருகில் பிடித்தது. இருபது நிமிடம் 2,200-இல் வைத்துக்கொண்டு நின்றேன். புது சைலன்சரின் பூச்சு எரிந்து கராஜ் முழுக்கப் புகை. யாரும் பேசினாலும் கேட்காது, அதனால் யாரும் பேசவில்லை. கேம் பிழைத்தது. ஆயிலை வடித்து, வடிகட்டியை அறுத்து விரித்துப் பார்த்தேன். உலோகத் துகள் இல்லை.

நிறம் அடிக்கும் நேரத்தில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. ஊதாவே இருக்கட்டும், பட்டையும் போடு, 340 என்று எழுதினால் விற்கும்போது யாருக்குத் தெரியப் போகிறது என்றார் அலுவலக நண்பர். அடையாள எண்ணைப் படிக்கத் தெரிந்த அடுத்த ஆளுக்குத் தெரியும். நான் அடர்பச்சை அடித்தேன். பட்டை இல்லை. 318 அந்தக் காலத்துக் கணக்கில் 230 குதிரைத்திறன். 1972-இல் அளக்கும் முறையை மாற்றியதும், ஏறக்குறைய அதே எஞ்சின் காகிதத்தில் 150 ஆயிற்று. இப்போது நான் ஆபீசுக்கு ஓட்டும் குடும்பக் கார் சிக்னலில் இதைச் சுலபமாக முந்திவிடும். மொத்தச் செலவு, கார் விலையும் சேர்த்து, 27,000 டாலரைத் தாண்டியது. விற்றால் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கலாம். மனைவிக்கு இந்த எண் தெரியும். பச்சை அழகாகத்தான் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பெரியவர் கார் முடிந்த அன்று ஒரு பரிசு கொடுத்தார். விரல் நீளப் பீங்கான் கட்டி, இரண்டு முனையிலும் தகரச் செருகி. பேலஸ்ட் ரெசிஸ்டர். “குளவ் பாக்ஸில் போடு. கேள்வி கேட்காதே” என்றார். மகள் அதையும் ஒரு பையில் போட்டு வைத்தாள்.

2023 ஆகஸ்ட் 19. உட்வர்ட் அவென்யூவில் டிரீம் க்ரூஸ். 1995-இலிருந்து ஆகஸ்ட் மாதம் மூன்றாவது சனிக்கிழமைகளில், ஃபெர்ன்டேலிலிருந்து பாண்டியாக் என்ற ஊர் வரைக்கும் பழைய கார்கள் ஊர்ந்து போகும் திருவிழா. அறுபதுகளில் பையன்கள் இதே சாலையில்தான் இரவில் பந்தயம் விட்டார்கள், சில சமயம் கம்பெனிப் பொறியாளர்களும். இப்போது தேர் மாதிரி நகர்கிறது. இரண்டு ஓரமும் நாற்காலி போட்டு ஜனங்கள். நானும், பதின்மூன்று வயது மகளும். ஊதா டஸ்டர்கள் மூன்றை எண்ணினோம். மூன்றிலும் 340.

பதின்மூன்றாம் மைல் சாலைக்குப் பக்கத்தில் எஞ்சின் அணைந்தது. திருகினால் உடனே பிடிக்கிறது. சாவியிலிருந்து கையை எடுத்த நொடி அணைகிறது. திருகு, பிடிக்கிறது, விடு, அணைகிறது. இரண்டு பேர் ஓடிவந்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பானெட்டைத் திறந்தேன். செல்ஃப் அடிக்கும்போது, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு அது நேராகப் போகும், சாவியை விட்டதும் அந்தப் பீங்கான் கட்டி வழியாகப் போகும். கட்டியின் நடுவில் முடி அளவுக்கு ஒரு விரிசல்.

கையை நீட்டுவதற்குள் மகள் பையை நீட்டினாள். வயர்களைப் பிடுங்கினேன், பழையதைப் பிடித்திருந்த ஒற்றைத் திருகாணியைக் கழற்றினேன், சூட்டில் விரல் உதற அது எஞ்சினுக்குப் பின்னால் எங்கோ விழுந்து உருண்டது. குனிந்து தேடினேன். எங்கேயும் இல்லை.

“எவ்வளவு பெருசுப்பா?”

சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். அவள் மறுபடி குளவ் பாக்ஸுக்குப் போனாள். வரும்போது கையில் இன்னொரு பை. அதில் ஒன்பது வயதுக் கையெழுத்தில் ‘தெரியாது’ என்று இருந்தது. கொட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அறுகோணத் தலை, கூர் நுனி. துளையில் வைத்துத் திருகினேன். வலது மரைதான். பிடித்துக்கொண்டது.